பத்து விநாடி மூச்சு

ஆஸ்துமா நோயாளிகள் இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் ஆய்வு. மருந்துக் குப்பியை அழுத்தும்போதே மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை இழுக்க வேண்டும். பிறகு பத்து விநாடி அடக்க வேண்டும். இரண்டிலுமே பலர் தவறினார்கள். சரியாகக் கற்றுக்கொண்டவர்களும் சில மாதங்களில் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

கட்டுரையைப் பெயர்பெற்ற ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். துறை வல்லுநர்கள் படித்துச் சரிபார்க்கும் மதிப்புரைக்குக்கூடப் போகாமல் திரும்பி வந்தது: எங்கள் வாசகர்களுக்கு உரியதன்று. வருத்தப்பட்டேன், ஆனால் அவர்கள் சொன்னது சரி. இதை யார் படித்தால் நோயாளிக்குப் பயன் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்து, செவிலியர்களும் மருந்தாளுநர்களும் படிக்கும் இதழுக்கு அனுப்பினேன். அந்த இதழின் விதிகள் இடம்கொடுத்ததால் மெட்ஆர்க்கைவ் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் முன்பதிப்பாகவும், அதாவது மதிப்புரை முடியும் முன்பே படிக்கக் கிடைக்கும் வடிவமாகவும், இட்டேன். 2019இல் தொடங்கிய அந்தத் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் முன்பதிப்பை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது என்று அந்தத் தளமே எச்சரிக்கிறது. அதனால் மதிப்புரையாளர்களின் கேள்விகள் தீரும்வரை மருத்துவமனைகளில் எதையும் கொடுக்காமல் காத்திருந்தேன். இந்தப் பொறுமை அவசியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, அனுபவமுள்ள செவிலியர் ஒருவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"நாளைக் காலையில் நான் எதை மாற்ற வேண்டும்? அது இதில் இல்லையே" என்றார்.

அறிமுகம், முறை, முடிவு, விவாதம் என்ற கட்டுரையின் வரிசையையே சுருக்கத்திலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டிய வரி விவாதத்தின் கடைசிப் பத்தியில் கிடந்தது. இடமில்லை என்று அதைத்தான் வெட்டியிருந்தேன். அன்றிரவே மாற்றி எழுதினேன். முதல் வரி இப்படி அமைந்தது: 'ஒவ்வொரு வருகையிலும் இன்ஹேலரை நோயாளியின் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொல்லுங்கள்.' புள்ளிவிவரம் கீழே போனது. மறுநாள் அவர் அந்தத் தாளை வாங்கி, மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினார்.

ஆய்வில் பங்கேற்றவர்களையும் அழைத்து, கண்டதைச் சொன்னேன். அவர்கள் தந்த நேரத்துக்கு அது நான் பட்ட கடன். ஒரு மூதாட்டி பேச்சின் நடுவிலேயே பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, அழுத்தி இழுத்து, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஏழாவது விரலில் மூச்சு வெளியேறிவிட்டது.

"அடுத்த வேளைக்குப் பத்து வரைக்கும் பிடித்துக் காட்டுகிறேன்" என்றார்.