வாட்டர் ஹீட்டர் மானியமும் என் தகப்பனார் பெயரும்

பதினேழு ஆண்டுகள் உழைத்த எங்கள் எரிவாயு வாட்டர் ஹீட்டரை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் இயங்கும் ஹீட் பம்ப் வகைக்கு மாறுவதற்காக மானியத்துக்கு விண்ணப்பித்தேன். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதற்கென ஒதுக்கிய நிதியை மாநிலங்களே வழங்குகின்றன. ஒரு வீட்டுக்கு மொத்த உச்சவரம்பு 14,000 டாலர், அதில் வாட்டர் ஹீட்டருக்கு 1,750, மின்சார அடுப்புக்கு 840. குடும்ப வருமானம் வட்டார இடைநிலை வருமானத்தில் (வட்டாரக் குடும்பங்களின் வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) 80 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் உச்சவரம்புக்குள் முழுச் செலவும் கிடைக்கும். 80 முதல் 150 விழுக்காடு வரை உள்ள எங்களைப் போன்றோருக்குப் பாதிதான். 4,800 டாலர் மதிப்பீட்டில் பாதியாக 2,400 வருமென நான் போட்ட மனக்கணக்கு, 1,750இல் வந்து நின்றது.

ஒப்புதல் வருமுன் பொருத்திய கருவிக்கு மானியம் இல்லை என்பதைத்தான் அனைவரும் முதலில் படிக்க வேண்டும். முதலில் வந்த ஒப்பந்தக்காரர், "பொருத்திவிடுவோம், படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நல்லவேளையாக நான் இணங்கவில்லை.

பழைய தொட்டியில் ஒட்டியிருந்த விவரச்சீட்டைப் படமெடுக்க கராஜ் தரையில் படுத்துக் கைப்பேசி வெளிச்சத்தில் துழாவியதைவிட, மின்கட்டண ரசீதில் தகப்பனார் பெயரோடு சேர்ந்தும் வரிப் படிவத்தில் வெறும் முதலெழுத்தோடும் இருக்கும் என் பெயர் ஒருவருடையதே என்று நிறுவுவதுதான் பெரும்பாடாயிற்று. அதற்கு மட்டும் இரண்டு வாரங்கள்!

புதிய கருவி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீரைச் சுடவைப்பதால், அரிசி மூட்டை இருக்கும் கராஜ் இப்போது சற்றுக் குளிர்ந்தே இருக்கிறது.