அறுபதுக்குப் பிறகு ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த அனுபவம்

மண்டபம் பகுதியில் என் வயதுப் பெண்களிடம் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால், "வயசாச்சு, விழத்தானே செய்யும்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அறுபது கடந்தபின் ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்ட எனக்கு அதில் உடன்பாடில்லை. வயது ஏறுவதால் மட்டும் பல் விழுவதில்லை. சொத்தையினாலும், பல்லைத் தாங்கும் ஈறும் எலும்பும் கவனிப்பாரின்றிக் கரைவதாலுமே விழுகிறது.

எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பல் துலக்கும்போது இரத்தம் கசிந்ததும், தை மாதத்தில் பனங்கிழங்கு தின்றால் நார் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் சிக்கி ஈறு வீங்கியதும், கீழ் முன்பற்கள் லேசாக ஆடத் தொடங்கியதும் என்னை இராமநாதபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றன. வலி சிறிதும் இல்லை. ஈறு நோய் முற்றும்வரை பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் அதன் ஆபத்து என்று மருத்துவர் முதலிலேயே விளக்கினார்.

மெல்லிய அளவுகோல் ஒன்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளந்தார். நலமான ஈறில் அது 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பல இடங்களில் 5, 6 என்றிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருந்தது தெரிந்தது. அதன்பின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, நான் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் கேட்டார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். இதய நோயாளிகளுக்குத் தரப்படும் ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். ஆகவே மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதலில், பல்லில் படிந்து கல்போல் இறுகிய அழுக்கான காரையை மேலோட்டமாக அகற்றினார்கள். பின்னர் மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு தடவையும் வாயின் ஒரு பகுதியாக, ஈறுக்கு அடியில் வேர்மீது படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். வலி பொறுக்கக்கூடியதாகவே இருந்தது. அதன்பின் சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. கிருமிகளை அடக்கக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தைச் சொன்ன நாட்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அந்த மருந்தால், குறிப்பாகத் தேநீர் குடிப்பவர்களுக்கு, பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும்.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பல்லைச் சுத்தம் செய்தால் இடைவெளி விழும், பல் ஆட்டம் காணும் என்று எங்கள் ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். எனக்கும் சிகிச்சைக்குப் பிறகு முன்பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்தது. பற்கள் நீண்டதுபோலவும் இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா, "நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டாங்களே" என்று வருந்தினார். உண்மையில், வீங்கியிருந்த ஈறு வற்றியதாலும், இடுக்கை அடைத்திருந்த காரை நீங்கியதாலும், ஏற்கெனவே இழந்திருந்த எலும்பின் அளவு வெளியே தெரிந்தது, அவ்வளவே. இந்த அச்சத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே இடைவெளியைத் தினமும் சுத்தம் செய்வதுதான் இனி நம் பங்கு. மென்மையான பிரஷ்ஷும் ஃப்ளூரைடு கலந்த பற்பசையும் கொண்டு காலையும் இரவும் துலக்குகிறேன்; இரவில் கூடுதலாக, பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷைப் பயன்படுத்துகிறேன். அதற்குக் கண்ணாடி முன் நின்று பழக வேண்டியிருந்தது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் பற்களை உமிக்கரியும் கல் உப்பும் வைத்துத் தேய்த்தால் வேர் தேய்ந்துவிடும். வேருக்குப் பல்லின் மேற்பகுதியைப் போன்ற கடினமான எனாமல் உறை இல்லை.

சில மாதங்களில் மறுபடி அளந்தபோது பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைந்திருந்தது. இரத்தக் கசிவு நின்றது. ஒரு கடைவாய்ப் பல்லை மட்டும் காப்பாற்ற முடியாமல் எடுத்தார்கள். ஈறு அழற்சி சர்க்கரையைக் கூட்டும், சர்க்கரை ஈறைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறேன்.

முழுப் பல்செட்டு அணியும் என் மாமியாரையும் அடுத்த தடவை உடன் அழைத்துச் சென்றேன். இரவில் செட்டைக் கழற்றி, சோப்பு நீரில் மென்மையாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார்கள். பல்லே இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் தினமும் துடைக்க வேண்டும் என்றும், ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் காட்ட வேண்டும் என்றும் கூறினார்கள். அத்தைக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு என்பதால், அந்தப் பரிசோதனையை நான் தள்ளிப்போட விடுவதில்லை.