ஆறரைமணிக் குருவி

1996இல் இலங்கையின் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஐப்பசியில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். அப்போது வவுனியாவில் எங்கள் விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கையில் புதிய நேரம், புலிகளின் கட்டுப்பாட்டில் வன்னிக்குள் இருந்த வீட்டுக்காரருக்குப் பழைய நேரம்.

இந்தக் குழப்பத்துக்குள்தான் அந்த வருடம் ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்தது. நிலம் வெளிக்கிறபோதும் பின்னேரம் இருளுகிறபோதும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. இலுப்பைக்குக் கீழே ஒன்று கூவினால் அடுத்த வளவில் இன்னொன்று பதில் சொல்லும். அதற்கு வெளிச்சம்தான் கணக்கு. புதிய நேரப்படி ஏறக்குறைய ஆறரை. பெடியன்கள் உடனே பெயரை மாற்றிவிட்டார்கள்.

சத்தம்தான் கேட்கும், ஆளைக் காணக் கிடைக்காது. சருகைக் கிளறிப் பூச்சி, புழு தின்று நிழலுக்குள்ளேயே திரிகிற பறவை அது. நான் கிட்டப் பார்த்தது ஒரே ஒரு தடவை. இரவுப் படிப்பு நேரம் விறாந்தைச் சுவரில் மோதி விழுந்தது. முதுகு பச்சை, செட்டையில் நீலம், தொண்டை வெள்ளை, கண்ணோடு ஒரு கறுப்புப் பட்டி, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. வாலைத்தான் தேட வேண்டும், அவ்வளவு கட்டை. இந்தியில் இதற்கு நவ்ரங், ஒன்பது நிறம், என்று பெயர். நான் எண்ணினேன், ஏழோடு நின்றுவிட்டது.

சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போன என்னை விலங்கியல் சேர் பிடித்து நிறுத்தினார். “ஊத்தாதை, மூச்சடைச்சுச் செத்துப்போகும். பெட்டிக்குள்ள வைச்சு இருட்டில விடு.” இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் ஆனி, ஆடி மழையோடு குஞ்சு பொரிக்கும், மாரிக்குத் தென்னிந்தியாவுக்கும் எங்களிடமும் வரும், பயணம் இரவில், களைத்தால் இப்படி வீடுகளுக்குள் விழும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பிட்டா என்ற விலங்கியல் பெயர்கூடத் தெலுங்கில் குருவி என்பதுதானாம்.

எங்கள் சமையல்காரர் சிங்கள ஊரில் வளர்ந்தவர். அவருக்கு அது அவிச்சியா. அதன் அழகான உடுப்பை மயில் திருடிப் போட்டுக்கொண்டு போய்விட்டதாம், அதைச் சொல்லித்தான் அழுகிறதாம். திருட்டுக்கொடுத்த பிறகும் இவ்வளவு நிறம் மிச்சமா என்று கேட்டேன். கரண்டியைக் காட்டினார்.

அடுத்த நாள் பின்னேரம் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தோம். பறக்கும் என்று பார்த்தால், கங்காருபோலத் தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது.

புலம்பெயர்ந்த எங்களோடு இதை ஒப்பிட்டு நாலு வரி சேர்க்கும்படி இந்தச் சிறப்பு மலரின் குழுவில் ஒருவர் கேட்டார். சேர்க்கவில்லை. அது ஒவ்வொரு வருடமும் தவறாமல் போய்வருகிறது. நான் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன்.

2006 சித்திரையில் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்கே திருப்பினார்கள். அந்த ஐப்பசியில் ஊரிலிருந்து கூட்டாளி ஒருவன் தொலைபேசி எடுத்தான். சுகம் விசாரிக்க முதலே சொன்னான்: “மச்சான், இனி ஆறுமணிக்குருவி எண்டே சொல்லலாம்.”