புகார்க் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது?

என் செவிலியர் உரிமத்தின் மீது புகார் வந்திருப்பதாக, உரிமங்களைக் கண்காணிக்கும் வாரியத்திலிருந்து கடிதம் வந்த அன்று, அதை மூன்று முறை படித்த பின் எனக்குள் எழுந்த முதல் கேள்வி, இது எப்போது முடியும் என்பதுதான். என் தவறு என்ன என்ற கேள்வி அதற்குப் பிறகே வந்தது. இரவுப் பணியில் ஒரு நோயாளிக்கு வலிநிவாரணி ஊசிமருந்தின் ஒரு பகுதியைச் செலுத்திவிட்டு, மீதியைக் கொட்டியதற்கு இன்னொரு செவிலியரின் சாட்சிக் கையெழுத்தைப் பெறாமல் விட்டேன் என்பது குற்றச்சாட்டு. கையெழுத்து இல்லை என்பது உண்மை. மீதி மருந்து திருடப்படவில்லை என்பதற்குச் சான்றாகவே அந்தக் கையெழுத்து கேட்கப்படுகிறது; நான் அந்த மருந்தைத் திருடவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே கோப்பில் பதிந்து முடிக்க 14 மாதங்கள் ஆயின. அந்த 14 மாதங்களில் விசாரணை அதிகாரி என்னிடம் நேரடியாகப் பேசியது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

மீதி நாட்கள் எங்கே போயின என்று தேடத் தொடங்கியபோது, பல இடங்களின் சட்டங்களில் கால வரம்புகள் இருப்பதைக் கண்டு முதலில் நிம்மதி அடைந்தேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டம், புகாருக்கு முகாந்திரம் உண்டா இல்லையா என்ற பரிந்துரையோடு விசாரணை அறிக்கையை 6 மாதங்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. டெக்சாஸ் மருத்துவ வாரியத்துக்குத் தொடக்கநிலை ஆய்வுக்கு 45 நாட்கள். முறையான விசாரணை தொடங்கிய பின், சமரசப் பேச்சுக்கான கூட்டத்தை 180 நாட்களுக்குள் கூட்ட வேண்டும். இந்தியாவில் மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், புகாரின் மீது 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன. இந்த எண்களை வைத்து நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டதுதான் நான் செய்த பிழை. புளோரிடாவின் 6 மாதமும் டெக்சாஸின் 180 நாளும் ஒரு கட்டத்துக்கு உரிய வரம்புகளே தவிர, புகார் முழுவதற்கும் உரியவை அல்ல. முகாந்திரம் இருப்பதாக முடிவானால் அதற்குப் பிறகு குற்றப்பத்திரம், சமரசம் அல்லது நீதிபதி முன் விசாரணை, வாரியத்தின் இறுதி வாக்கெடுப்பு, மேல்முறையீடு என்று வழி நீள்கிறது. மேலும், வரம்பு கடந்தால் பெரும்பாலும் புகார் தானாகக் காலாவதியாகிவிடுவதில்லை. இந்திய விதிமுறையிலேயே, மாநில மருத்துவ கவுன்சில் 6 மாதத்தில் முடிக்காவிட்டால் அதற்கு மேலே உள்ள தேசிய அமைப்பு அதை விரைந்து முடிக்கச் சொல்லலாம், அல்லது வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது.

கோப்பு முதலில் தங்குவது மருத்துவப் பதிவுகளுக்காக. வாரியம் மருத்துவமனைக்கு எழுத வேண்டும், மருத்துவமனையின் சட்டப் பிரிவு அதைப் பார்க்க வேண்டும், பிறகு பதிவேடுகள் பிரதியெடுக்கப்பட்டு வர வேண்டும். என் விஷயத்தில் நோயாளியின் பதிவேடு வந்துவிட்டது, ஆனால் மருந்துப் பெட்டகத்தை யார் எந்த நிமிடத்தில் திறந்தார்கள் என்ற கணினிப் பதிவு தனியாகக் கேட்கப்பட்டு, பல வாரங்கள் கழித்தே வந்து சேர்ந்தது. அடுத்தது நிபுணர் கருத்து. சிகிச்சையின் தரம் பற்றிய புகார் என்றால், அதே துறையில் பணிபுரியும் ஒருவர் முழுப் பதிவேட்டையும் படித்து எழுத்துமூலமாகக் கருத்துச் சொல்ல வேண்டும். அவரும் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் இதைப் படிப்பவராகவே இருப்பார். அருகிய சிறப்புத் துறை என்றால் நிபுணரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. அதன்பின் வாரியக் கூட்டம் வருகிறது. உறுப்பினர்கள் அன்றாடம் கூடுவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே கூடும் வாரியங்கள் உண்டு. நிகழ்ச்சி நிரல் மூடிய மறுநாள் அறிக்கை தயாரானால், முடிந்துவிட்ட விசாரணை அடுத்த கூட்டம் வரை கட்டிவைக்கப்பட்டே கிடக்கும். அதே சம்பவத்துக்குக் காவல்துறை வழக்கும் இருந்தால், அதன் முடிவுக்காக வாரியம் காத்திருப்பதும் உண்டு. அப்போது மாதக் கணக்கு ஆண்டுக் கணக்காகிறது.

எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்த ஒன்று, மௌனத்தின் பொருள். நான்கு மாதங்கள் ஒரு கடிதமும் வராதபோது, எனக்கு எதிராக ஏதோ பெரிதாகத் திரட்டுகிறார்கள் என்றே நம்பினேன். வாரியங்கள் புகார்களை ஆபத்தின் அளவைப் பார்த்து வரிசைப்படுத்துகின்றன: போதையில் பணிக்கு வருபவர், நோயாளியிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர் போன்றோரின் கோப்புகள் முன்னால் போகும், கையெழுத்து விடுபட்ட கோப்பு பின்னால் தள்ளப்படும். உண்மையில் அவசரமாகக் கருதப்பட்டிருந்தால் முன்னரே தெரிந்திருக்கும். பிரிட்டனில், விசாரணை முடியும் முன்பே 18 மாதங்கள் வரை பணி செய்யத் தடையோ நிபந்தனையோ விதிக்கும் இடைக்கால உத்தரவு இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை, அந்த மாதங்களில் ஒரு நாள்கூட விடாமல் பணிக்குச் சென்றேன். ஆனால் சிறிய குற்றச்சாட்டுக்கு நீண்ட காத்திருப்பு என்ற இந்த ஏற்பாடு நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காத்திருப்பும் ஒரு தண்டனைதான் என்பது வெறும் புலம்பல் அல்ல. பிரிட்டனில் மருத்துவர்களின் பதிவைக் கண்காணிக்கும் பொது மருத்துவ கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2013 வரை, விசாரணையின் கீழ் இருந்தபோது 28 மருத்துவர்கள் தற்கொலையால், அல்லது தற்கொலை என்று கருதப்பட்ட முறையில் இறந்திருக்கிறார்கள். இந்தச் செய்தியைப் படித்த வாரத்தில்தான் நான் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கினேன். கடிதம் வந்த வாரத்திலேயே சென்றிருக்க வேண்டும்.

தாமதத்தில் நம் பங்கும் இருக்கிறது. பதிலளிக்க நமக்குத் தரப்படும் காலம் மிகக் குறைவு, புளோரிடாவில் 20 நாட்கள்; வாரியத்துக்கு மாதங்கள், நமக்கு நாட்கள் என்பது கசப்பாக இருந்தாலும் அதைத் தவறவிடக் கூடாது. நான் வழக்கறிஞரைத் தேடுவதற்காக மூன்று வாரம் கூடுதல் அவகாசம் கேட்டேன், கேட்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். பொறுப்புக் காப்பீடு (தொழிலில் நேரும் தவறுகள் மீதான வழக்குகளுக்கான காப்பீடு) வைத்திருப்பவர்கள், உரிம விசாரணைக்கான வழக்கறிஞர் செலவை அது ஏற்குமா என்று அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பல பத்திரங்களில் அது இருக்கிறது. பழைய பதிவேட்டைத் திறந்து எதையும் சேர்க்கவோ திருத்தவோ கூடாது, ஏனெனில் யார் எப்போது தொட்டார்கள் என்பதைக் கணினி குறித்துவைக்கும். சலித்துப்போய் உரிமத்தையே ஒப்படைத்துவிடலாம் என்று எனக்கும் ஒரு கட்டத்தில் தோன்றியது. அமெரிக்காவில், விசாரணையின் போது உரிமத்தை ஒப்படைத்தால் அது, மருத்துவத் துறையினர் மீதான நடவடிக்கைகளைச் சேர்த்துவைக்கும், 1990 முதல் இயங்கிவரும் தேசியத் தரவு வங்கியில் பதிவாகும். பிற்பாடு வேலை கொடுக்கும் மருத்துவமனைகள் அதைப் பார்க்கும்.

ஒன்பதாவது மாதத்தில்தான் எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்தி, கோப்பு இப்போது யாரிடம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் "விசாரணை நிலுவையில் உள்ளது" என்ற ஒற்றை வரியே வந்திருந்தது. இம்முறை, என் விசாரணை அதிகாரி பணி மாறிச் சென்றுவிட்டதாகவும், கோப்பு புதியவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், அவர் அறிக்கையை எழுதிக்கொண்டிருப்பதாகவும் பதில் வந்தது. பதினைந்து வாரங்களாக என் கோப்பை யாரும் திறக்கவே இல்லை என்பது அப்போது தெரிந்தது. கோபம் வந்தது. அன்றிரவு வெகு நாட்களுக்குப் பிறகு நன்றாகவும் உறங்கினேன்.

இறுதிக் கடிதத்தில் நான்கு வரிகள் இருந்தன: ஆவணப் பிழை உறுதிசெய்யப்பட்டது, அறிவுரையுடன் புகார் முடிக்கப்படுகிறது, உரிமத்தின் மீது நடவடிக்கை இல்லை, இதற்குப் பதில் அனுப்பத் தேவையில்லை. கடிதத்தின் மேல் இருந்த தேதியைப் பார்த்தேன். அது எழுதப்பட்டு 19 நாட்கள் ஆகியிருந்தன.