குறைந்த மருந்தில் நிரப்பும் தோட்டா

மேற்கு மொன்டானாவின் மலைக்காடுகளில் அக்டோபர் மாதக் கடைசியில் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது, எங்கள் பகுதியின் பழைய வேட்டைக்காரர்கள் சட்டைப் பையில் நான்கைந்து தோட்டாக்களைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்வார்கள். அவை எல்க்குக்கு உரியவை அல்ல. நாள் முழுக்க நடந்தும் எல்க்கின் தடம்கூடக் கிடைக்காமல் திரும்பும் வழியில், க்ரௌஸ் எனப்படும் காட்டுக்கோழி ஒன்று பாதையோரம் அசையாமல் நின்றால், கையில் இருக்கும் அதே ரைஃபிளால், இறைச்சி சிதறாமல் அதைச் சுட்டு இரவு உணவுக்குக் கொண்டுவருவதற்காக, வெடிமருந்தைக் குறைத்து நிரப்பப்பட்டவை. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் முதன்முதலாக அப்படி ஒரு தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தபோது, அது வழக்கமான தோட்டாவின் பாதி வேலையைக்கூடச் செய்யாத விளையாட்டுப் பொருள் என்றுதான் நினைத்தேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பின்வந்த ஆறு குளிர்காலங்களில் கற்றுக்கொண்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவிலோ தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வது நூறாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கும் வீட்டுக் கைத்தொழில். ஆயினும் எந்தச் சிறு விலங்கை எந்த வகைத் துப்பாக்கியால் சுடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மொன்டானாவில் மலைக் க்ரௌஸை ரைஃபிளால் சுட அனுமதி உண்டு. வேறு சில மாநிலங்களில் சிறு விலங்குகளுக்கு .22 ரிம்ஃபயர் என்னும் மிகச் சிறிய தோட்டாவைச் சுடும் ரைஃபிள் தவிர வேறு ரைஃபிளைத் தொடவே கூடாது. ஒவ்வோர் ஆண்டும் வேட்டை விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படிப்பது என் வழக்கம்.

என்னிடம் இருப்பது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தத் தோட்டா, 150 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 2,900 அடி வேகத்தில் செலுத்தும். ஒரு கிரெயின் என்பது கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு. தோட்டாக்காரர்கள் குண்டையும் மருந்தையும் இந்தப் பழைய அளவிலேயே நிறுக்கிறார்கள். அந்த வேகத்தில் குண்டுக்கு 2,800 அடி-பவுண்டு ஆற்றல் இருக்கும். எல்க்குக்கு அது பொருத்தம். ஒரு கிலோ எடையுள்ள பறவைக்கு அது அழிவு, எடுத்துச் சமைக்க எதுவும் மிஞ்சாது. அதே எடையுள்ள ஈயக் குண்டை 1,200 அடி வேகத்தில் அனுப்பினால் ஆற்றல் 480 அடி-பவுண்டாக, அதாவது ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த வேகத்தில் கெட்டியான ஈயம் விரிவதில்லை. ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடுகிறது. தலையிலோ கழுத்தடியிலோ பட்டால் மார்பிறைச்சி முழுதாகக் கிடைக்கும்.

பயிற்சிக்கு இது இன்னும் பெரிய உதவி. எட்டுப் பவுண்டு ரைஃபிளில் முழு மருந்துத் தோட்டா தோளில் தரும் உதைப்பு ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. குறைந்த மருந்துத் தோட்டாவில் அது பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். முழு மருந்தில் இருபது தோட்டா சுட்டபின் என் கண் தானாக மூடிக்கொள்கிறது, விசையை அழுத்துவதற்குப் பதில் இழுத்துவிடுகிறேன். குறைந்த மருந்தில் எண்பது சுட்டாலும் அந்தக் கெட்ட பழக்கம் ஒட்டுவதில்லை. அதே ரைஃபிள், அதே விசை, அதே கட்டை கன்னத்தில் பதியும் உணர்வு, நின்றும் மண்டியிட்டும் சுடும் பழக்கம் எல்லாம் அப்படியே கைக்கு வருகின்றன. இந்த யோசனை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவம், மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழலுக்குள் மோரிஸ் குழாய் என்னும் சிறு குழலைச் செருகி, மிகச் சிறிய தோட்டாவால் சிப்பாய்களுக்குக் குறிபழக்கியது. தென்னாப்பிரிக்கப் போயர் போருக்குப் பின் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் போன்றவர்களின் ஆதரவோடு இங்கிலாந்தில் சிறு ரைஃபிள் சங்கங்கள் பெருகியதும், மலிவாகவும் மெதுவாகவும் சுட்டுப் பழகினால்தான் நன்றாகச் சுட முடியும் என்ற அதே எண்ணத்தால்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தோட்டா நிரப்பும் வேலையில் இது உண்மையல்ல. முழு அளவுத் தோட்டாவை நிரப்பும்போது இருந்ததைவிட அதிக எச்சரிக்கை எனக்குக் குறைந்த அளவில்தான் தேவைப்படுகிறது.

அதற்குக் காரணம் புகையில்லா மருந்தின் இயல்பு. பிரான்சில் பால் வியே 1884இல் கண்டறிந்த இந்த மருந்து, திறந்தவெளியில் பற்றவைத்தால் காகிதம்போல் சீறி எரிந்து அடங்கிவிடும். அடைத்துவைத்து எரித்தால் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடும். இந்த விதி வியேயின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆகவே ஒரு மருந்து ஒழுங்காக எரிய, தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அதற்கென்று ஒரு குறைந்தபட்ச அழுத்தம் உருவாக வேண்டும். மக்னம் எனப்படும் மிகுந்த ஆற்றலுள்ள ரைஃபிள்களுக்கென்று செய்யப்பட்ட, மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் அரைகுறையாக இட்டால், அது சரியாகப் பற்றாமல் தடுமாறுவதோடு நிற்பதில்லை. சில சமயம் எதிர்பாராத பேரழுத்தம் எழுந்து துப்பாக்கியையே உடைத்திருக்கிறது. அது துல்லியமாக எவ்வாறு நிகழ்கிறது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் மருந்து தயாரிப்பவர்கள் அதைப் பற்றி எச்சரிக்கிறார்கள். ஆகையால் கையில் இருக்கும் மருந்தைத் தன் விருப்பத்துக்குக் குறைத்துக்கொள்வது எக்காரணத்தாலும் கூடாது. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச்4895 மருந்துக்கு, அட்டவணையில் உள்ள உச்ச அளவை அதன் 60 விழுக்காடாகும்வரை, அதற்குக் கீழே போகாமல், குறைக்கலாம் என்று தானே வெளியிட்டிருக்கிறது. அந்த அனுமதி அந்த மருந்துக்கு மட்டும்தான். பெட்டியில் பக்கத்தில் இருக்கும் வேறொரு மருந்தின் எண்ணும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறதே என்று நினைப்பவர் ஒரு கண்ணை இழக்க நேரிடலாம். அளவுகளை இங்கே எழுதாததற்கும் இதுவே காரணம். மருந்து நிறுவனத்தின் இப்போதைய கையேட்டிலிருந்துதான் அவற்றை எடுக்க வேண்டும், என்னிடமிருந்தோ வேறொரு நண்பரிடமிருந்தோ அல்ல.

வேகமாக எரியும் மருந்துகளில் வேறொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அவை சிறிய அளவிலேயே போதுமான வேலையைச் செய்துவிடுவதால், .30-06 போன்ற பெரிய கூட்டின் அடியில் ஒரு சிட்டிகைபோலக் கிடக்கும். கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்திட்டாலும் அது வழிவதில்லை, வெளியே தெரிவதுமில்லை. அடுத்த முறை சுடும்போதுதான் தெரியும். இதைத் தவிர்க்கவே டிரெயில் பாஸ் என்ற மருந்தை நிரப்புவோர் விரும்பினார்கள். நடுவில் துளையுள்ள வட்டத் தட்டுகளாக, உளுந்துவடையின் வடிவில், மிக இலேசாக அமைந்த அது கூட்டை நிறைத்துக்கொள்ளும். இரட்டிப்பாக இட்டால் பெரும்பாலும் வழிந்துவிடும். இப்போது அது கிடைப்பதில்லை. அதற்கு முன் பல்லாண்டுகள் இந்த வேலைக்குப் பயன்பட்ட எஸ்ஆர் 4759 மருந்தும் உற்பத்தியில் இல்லை. ஆகவே கண்தான் இப்போதுள்ள ஒரே காவல். ஐம்பது கூடுகளை மரப்பலகைத் துளைகளில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மருந்திட்டபின், விளக்கை மேலிருந்து காட்டி ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் மருந்தின் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் குண்டைப் பொருத்துகிறேன். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால், பலகையிலுள்ள மருந்தையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது என் விதி.

மூன்றாவது குளிர்காலத்தில் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஈயக் குண்டுகள் தீர்ந்துபோயிருந்தன. செம்பு உறையிட்ட குண்டுகள் அலமாரியில் நிறைய இருந்தன. எடை ஏறத்தாழ ஒன்றுதானே என்று, ஈயக் குண்டுக்கென்று கையேடு சொன்ன அதே குறைந்த அளவை அவற்றுக்கும் இட்டேன். சுடுதளத்தில் ஏழாவது தோட்டா 'டப்' என்று வெடிப்பதற்குப் பதில் 'பொத்' என்றது. துப்பாக்கியின் பின்பக்கத் தாழான போல்ட்டை இழுத்தேன், காலிக் கூடு புகையடைந்து கருப்பாக வெளியே வந்தது. அடுத்ததை உள்ளே தள்ள என் கை முன்னேறிவிட்டது. பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இலக்கில் ஆறு துளைகள்தாம் இருந்தன. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது ஏழாவது குண்டு நான்கு அங்குலத் தொலைவில் சிக்கி நின்றிருந்தது. செம்பு உறை ஈயத்தைப் போல மென்மையானதன்று. குழலின் சுழல் பள்ளங்களில் தன்னைப் பதித்துக்கொண்டு நகர அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும், நான் இட்ட மருந்தால் அதைத் தர முடியவில்லை. எட்டாவதையும் சுட்டிருந்தால் குழல் என் இடக்கைக்கு மேலேயே பிளந்திருக்கும். பித்தளைக் கம்பியாலும் எண்ணெயாலும் அந்தக் குண்டை வெளியே தட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மிச்சமிருந்த தோட்டாக்கள் அனைத்தையும் அன்றிரவே பிரித்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. கையேடு அந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே அச்சிட்டிருந்தது.

அன்றிலிருந்து குறைந்த வேகத்துக்கு ஈயக் குண்டு மட்டும்தான். ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து, இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் வார்த்து, தேன்மெழுகு சேர்ந்த களிம்பைக் குண்டின் பள்ளங்களில் பூசுகிறேன். அச்சு போதிய சூடேறவில்லை என்றால் குண்டில் சுருக்கம் விழும். அதிகம் சூடேறினால் மேற்பரப்பு பனிபடிந்ததுபோல் வெளுக்கும். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யக் கூடாது. திறந்த கொட்டகையில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, வார்த்து முடித்ததும் உடை மாற்றிக் கை கழுவிய பின்தான் குழந்தைகளிடம் போகிறேன். ஈயத்தின் நஞ்சு பறவைகளுக்கும் பொருந்தும். கலிபோர்னியாவில் காண்டர் கழுகுகள் ஈயத்தால் இறந்ததை முன்னிட்டு, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவே முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தடை நியாயமானது என்றே கருதுகிறேன், மொன்டானாவில் அத்தகைய தடை இல்லாவிட்டாலும், குண்டு பட்ட இடத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை இறைச்சியை வெட்டி எறிகிறேன், குடலையும் காட்டில் போட்டுவிட்டு வருவதில்லை.

குறைந்த மருந்தில் சுட்ட கூடுகளைத் தனிப் பெட்டியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. அழுத்தம் போதாதபோது, கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வெடிப்பே கூட்டை முன்னால் தள்ளி, கழுத்துக்குக் கீழே அகலும் அதன் தோள்பகுதியைச் சற்றே பின்வாங்கச் செய்துவிடும். பலமுறை இப்படிச் சுட்டபின் அதே கூட்டை முழு மருந்துக்குப் பயன்படுத்தினால், துப்பாக்கியின் அறைக்குள் அது தளர்வாக இருந்து, அடிப்பக்கம் கிழிய வாய்ப்புண்டு. எனவே அவற்றின் அடியில் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். கிரிஸ்லி கரடிகள் உலவும் காட்டில் இன்னொரு பயனும் அந்தக் கோட்டுக்கு இருக்கிறது: துப்பாக்கியின் அறையில் எது இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வரக் கூடாது. க்ரௌஸைச் சுட்டு முடித்ததும் குறைந்த மருந்துத் தோட்டா அறையில் தங்குவதில்லை.

காட்டில் பயன்படுத்துவதற்கு முன் அது எங்கே போய் விழுகிறது என்பதைத் தாளில் கண்டறிந்தாக வேண்டும். 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்யப்பட்ட என் ரைஃபிளில், கணக்கின்படி 1,200 அடி வேகக் குண்டு 50 கெஜத்தில் முழு மருந்துக் குண்டைவிட இரண்டரை அங்குலம் தாழ்வாகப் போக வேண்டும்; 100 கெஜத்தில் அது பதினோரு அங்குலமாகிவிடும். கணக்குக்குப் பொருந்தாமல் பக்கவாட்டிலும் ஓர் அங்குலம் விலகுகிறது, ஏனென்றால் குழல் வேறு விதமாக அதிர்கிறது. ஆகவே 25 கெஜத்துக்குள் மட்டும் சுடுகிறேன், குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடியின் குறுக்குக்கோட்டுக்குக் கீழே முதல் தடித்த இடத்தை வைத்து. கூட்டில் பெரும்பகுதி காலியாக இருப்பதால், மருந்து பிரைமர் பக்கம் கிடக்கிறதா குண்டின் பக்கம் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். ஒவ்வொரு முறையும் குழலின் முனையைப் பாதுகாப்பான பக்கம் மெல்ல உயர்த்திவிட்டுத்தான் குறிபார்க்கிறேன். அதன் பிறகு துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கின.

மெதுவான குண்டு என்பதால் அது பக்கத்திலேயே விழுந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அது ஒரு மைலுக்கு மேல் போகும், பாறையில் பட்டால் திசைமாறித் தாவும். க்ரௌஸ் அடிக்கடி ஃபிர் மரத்தின் கிளையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதன் பின்னால் மலைச்சரிவு இல்லாமல் வானம் மட்டும் தெரிந்தால் நான் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோவதில்லை. போன பருவத்தில் மூன்று பறவைகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஒன்று தரையில் கிடைத்தது, மிளகும் இஞ்சியும் இட்டு மண்சட்டியில் வறுத்தோம்.

இந்த வாரம் வார்த்த 120 குண்டுகளில் 17இல் சுருக்கம் விழுந்திருந்தது. அவற்றை மீண்டும் சட்டியிலேயே போட்டுவிட்டேன். மிச்சத்தை நாளை நிறுத்துப் பார்க்க வேண்டும்.