எத்தனை என்று கேட்டார்கள்: பூச்சியியல் பிஎச்டி நுழைவுக்குப் படித்த கதை

பூச்சியியலில் பிஎச்டி சேர இரண்டு முறை முயன்றேன். முதல் முறை எழுத்துத் தேர்வைத் தாண்டி நேர்காணலில் விழுந்தேன். அடுத்த ஆண்டு இடம் கிடைத்தது. என்ன புத்தகம் படித்தீர்கள் அக்கா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டும் அதே புத்தகங்கள்தான், அதே நோட்டுதான். நடுவில் எனக்கு ஒரு ரூம்மேட் வாய்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஊர் ஆத்தூர் பக்கம். எம்எஸ்சி முடித்துவிட்டு பெங்களூரு வந்து, ஹெப்பாளில் ஒரு பீஜி விடுதியில் தங்கி, ஒரு ப்ராஜெக்டில் தற்காலிக வேலை பார்த்தேன். வேலை என்றால், முளைவிட்ட உருளைக்கிழங்கிலும் பூசணிக்காயிலும் மாவுப்பூச்சி வளர்ப்பது, அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை அதில் வளர்ப்பது. சாயங்காலம் வந்து ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேர்வுக்குப் படிப்பேன். பக்கத்துக் கட்டிலில் காரைக்குடி அக்கா. இயற்பியல் எம்எஸ்சி, கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய ஜெஸ்ட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "கணக்கு மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுவாராம்.

முதல் நேர்காணல் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்குப் பொருளாதார சேத நிலை, அதாவது எத்தனை பூச்சி வந்தால் கட்டுப்படுத்த இறங்க வேண்டும் என்ற அளவு, என்ன என்று கேட்டார்கள். தூருக்கு (ஒரு நெல் தண்டுக்கு) ஒன்று, குத்துக்கு (ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் தூர்களுக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "சரி, சிலந்தி இருந்தால் ஏன் இரண்டு? ஏன் ஐந்து இல்லை?" என்றார் ஒருவர். சிலந்தி புகையானைத் தின்னும் சார் என்றேன். "அது தெரியும். எத்தனை தின்னும்?" அவ்வளவுதான், வாய் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்த கேள்விக்கும் தடுமாறினேன்.

இதை அக்காவிடம் சொல்லி அழுதபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். "ஒரு குத்தில் எத்தனை தூர் இருக்கும்?" சுமார் 20 என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அப்போ தூருக்கு ஒன்று என்றால் குத்துக்கு 20 பூச்சி. இரண்டு என்றால் 40. ஆக, ஒரு சிலந்தியை நம்பி 20 பூச்சியைக் கூடுதலாக விட்டுவைக்கிறீர்கள். அது ஒரு நாளைக்கு எத்தனை தின்னும்?" ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும் என்று நானே எங்கேயோ எழுதி வைத்திருந்தேன். "அப்போ இரண்டு முதல் நான்கு நாளில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இதைச் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்தான். இரண்டு எண்ணும் என் நோட்டிலேயே வேறு வேறு பக்கத்தில் இருந்தன. நான்தான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நோட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன், இந்த முறை கையில் பென்சிலோடு. எண் வரும் இடத்திலெல்லாம் நின்று, இது எங்கிருந்து வந்தது, இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும், எங்கே உடையும் என்று எழுதினேன். மெதுவாகத்தான் போகும், ஒரு நாளைக்கு நான்கு பக்கம் நகர்ந்தால் பெரிது. ஆனால் அந்த நான்கு பக்கம் மறக்காது.

விதையியலில் இது இன்னும் நன்றாகப் பிடிபட்டது. (பூச்சியியலில் சேரப்போகிறவருக்கு விதை எதற்கு என்று கேட்காதீர்கள். சேமிப்புக் கிடங்குப் பூச்சி என்று ஒன்று இருக்கிறது, அந்தக் கதை முழுக்க விதையின் ஈரப்பதத்தில்தான்.) ஹாரிங்டன் விதி எல்லோரும் மனப்பாடம் செய்வது: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். அக்கா உடனே, "12 சதவீதத்திலிருந்து 8க்கு உலர்த்தினால் நான்கு முறை இரட்டிப்பு, 16 மடங்கு. 30 டிகிரியிலிருந்து 15க்கு இறக்கினால் 8 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 128. இப்படியே போனால் விதைக்கு சாவே இல்லையே, எங்கே உடைகிறது?" என்றார். அங்கேதான் நான் ஒழுங்காகப் படித்தேன். ஈரப்பதத்துக்கு அந்த விதி ஏறத்தாழ 5 முதல் 14 சதவீதம் வரைதான். அதற்குக் கீழே ரொம்ப உலர்ந்தால் செல்சவ்வு சேதமாகும். மா, பலா, ரப்பர் போன்றவற்றின் விதைகளை உலர்த்தவே கூடாது, உலர்த்தினால் செத்துவிடும். மூன்று தனித்தனித் தலைப்பாகப் படித்தது ஒரே கேள்விக்குப் பதிலாக வந்து நின்றது.

பதிலுக்கு அக்காவுக்கும் என்னிடமிருந்து ஒன்று கிடைத்தது. ஒட்டுண்ணியும் அதன் இரையும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பதற்கு நிக்கல்சன்-பெய்லி என்று ஒரு கணித மாதிரி உண்டு, 1935இல் வந்தது. நிக்கல்சன் பூச்சியியலாளர், பெய்லி இயற்பியலாளர். பின்னால் 1976இல், உயிர்கள் பெருகுவதைச் சொல்லும் ஒரு சாதாரணச் சமன்பாடே தாறுமாறாக ஆடும் என்று காட்டிய ராபர்ட் மே கூட கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்டி வாங்கியவர்தான். "நம்ம ஆள்" என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மடிக்கணினியில் நிக்கல்சன்-பெய்லியை ஓட்டிப் பார்த்தோம். ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போய் இரண்டில் ஒன்று அழிந்துவிடுகிறது. வயலில் அப்படி நடப்பதில்லையே, ஏன் என்று இரவு முழுக்கப் பேசினோம். குளவி கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் பூச்சிகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும், அவை அந்த மாதிரியில் இல்லை.

எழுத்துத் தேர்வு பற்றிச் சுருக்கமாக. நான் எழுதியபோது 120 கேள்வி, 2 மணி நேரம், சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. இது மாறலாம், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். முதல் முறை கழிவுக்குப் பயந்து 30 கேள்விக்கு மேல் விட்டுவிட்டு வந்தேன். அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார்: நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அடித்தாலே சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம், இரண்டை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் ஒன்றரை. அடுத்த முறை இரண்டைத் தள்ள முடிந்த எதையும் விடவில்லை. அறிவியல் பெயர்கள் மட்டும் மனப்பாடம்தான், அதற்குக் குறுக்கு வழி இல்லை. குளியலறைக் கதவில் ஒட்டி வைத்துப் படித்தேன்.

இரண்டாவது நேர்காணலில் எதில் ஆர்வம் என்று கேட்டார்கள். மரவள்ளி மாவுப்பூச்சி என்றேன். படித்ததால் மட்டும் சொல்லவில்லை. 2020இல் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி, கொஞ்ச நாளில் எங்கள் அப்பாவின் கொல்லைக்கே வந்துவிட்டது. குருத்து சுருண்டு கொத்தாக நின்றது. அதைப் பிடிக்கும் அனாகைரஸ் லோபெசி குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூருவில் உள்ள என்பிஏஐஆர் என்ற வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் வரவழைத்து, 2022இல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூரில் விட்டார்கள். "அந்தக் குளவி மாவுப்பூச்சியை முழுக்க ஒழித்துவிடுமா?" என்றார் ஒருவர். ஒழிக்காது, ஒழித்தால் குளவிக்கும் சோறு இல்லை, சேத நிலைக்குக் கீழே வைத்திருந்தால் போதும் என்றேன். "வைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? மழையிலும் குறையுமே?" அதே தோட்டத்தில் சில செடிகளுக்குக் குளவி நுழையாத வலை போட்டு, சிலவற்றுக்குப் பக்கம் திறந்த வலை போட்டு, இரண்டிலும் வாரா வாரம் குருத்துக்கு எத்தனை பூச்சி என்று எண்ணுவேன், மழை இரண்டுக்கும் பொதுதானே என்றேன். "எத்தனை செடி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வாரம் எண்ணிப் பார்த்து, செடிக்குச் செடி எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று தெரிந்தால்தான் எத்தனை செடி வேண்டும் என்று சொல்ல முடியும் சார் என்றேன். அதற்கு மேல் அவர்கள் அதைக் கேட்கவில்லை.

ஒரு சின்ன விஷயம்: சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் அசலோடு மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் ஜெராக்ஸ் கடை தேடி அலையாதீர்கள், நான் அலைந்தேன்.

இடம் கிடைத்த அன்று அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். வாழ்த்தெல்லாம் அப்புறம்தான் வந்தது. "எத்தனை இடத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள்?" என்றார்.