மேல்கம்பி இருக்க வேண்டிய இடம்: ஓர் அரியாலை வீட்டுக் குறிப்புகள்

2024 ஓகஸ்ட் 5, திங்கள்

யாழ்ப்பாணத்து அரியாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டைக் கட்டட வேலைக்காகப் பார்த்து வந்தேன். பின்பக்கத்துப் பழைய வீடு சுண்ணாம்புக்கல்லால் ஒன்றரையடித் தடிப்பில் எழுப்பிய சுவர்களும் பனைமர வளைகளும் கொண்டது. அதைத் தொடுவதில்லை என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. முன்பக்கத்தில் சீமெந்துக்கல்லில் கட்டிய புதிய பகுதிக்குக் கொங்கிறீற்றுத் தளம் போட்டு, அதிலிருந்து தெருப்பக்கமாக நாலடி வெளியே நீளும் பல்கனி ஒன்றும், மேலே தண்ணீர்த் தாங்கி ஒன்றும் வேண்டும் என்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "காசைப் பாக்காதேங்கோ அண்ணை, கம்பியைக் கூட்டிப் போடுங்கோ."

இந்தப் பேச்சை நான் கேளாத மாதம் இல்லை. பீம் ஒன்றில் கம்பி அளவுக்கு மிஞ்சினால், சுமை கூடும்போது கம்பி முதலில் நெகிழ்ந்து வெடிப்புகளைக் காட்டி வீட்டாரை எச்சரிப்பதற்குப் பதிலாக, மேற்புறக் கொங்கிறீற்று முன்னறிவிப்பில்லாமல் திடீரென நொறுங்கும் நிலை வந்துவிடும். அத்தோடு கம்பிகள் நெருக்கமாகக் கிடந்தால் முக்கால் அங்குலச் சல்லி அவற்றினூடே இறங்காமல், உள்ளே தேன்கூடு போலப் பொந்துகள் விழும். அவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

தாங்கி 2000 லீற்றர். நிரம்பினால் தண்ணீர் மட்டும் இரண்டு தொன். அடிவட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1.3 மீற்றர் என்பதால், சதுர மீற்றருக்கு 1500 கிலோ வரை இறங்கும். வீட்டு அறைகளுக்கு ஆட்களையும் தளபாடங்களையும் கருதி நாம் எடுக்கும் சுமை சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவுதான். ஆகவே முன்விறாந்தைத் தளத்தின் நடுவில் தாங்கியை வைப்பது, அந்த வட்டத்துக்குள் பத்து மடங்கு சுமையை ஏற்றி ஆண்டு முழுவதும் இறக்காமல் விடுவதற்குச் சமம். குளியலறைக்கு மேலே வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கமும் சுவர் உள்ள ஐந்தடி அகல அறை அது. சுமை வளைந்து திரியாமல் நேரே சுவருக்குள் இறங்கி அத்திவாரத்துக்குப் போய்விடும். குழாய் வேலையும் குறையும்.

பல்கனிதான் யோசிக்க வைத்தது. ஆசிரியை ஓரத்தில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்துக்கல்லால் மறைப்புச் சுவர் கேட்கிறார். 150 மில்லிமீற்றர் தடிப்புள்ள தளத்தின் சொந்தப் பாரம் சுவரடியில் உண்டாக்கும் திருப்பத்தையும், அதாவது பல்கனியைக் கவிழ்க்கப் பார்க்கும் வலுவையும், அந்த மறைப்புச் சுவர் தனியே உண்டாக்கும் திருப்பத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழச் சமமாக வருகின்றன. சுவரின் பாரம் பெரிதல்ல. அது நிற்கும் இடம் பொல்லாதது. பூச்சு முடிந்தபின் பார்ப்பவருக்கு அது வெறும் நாலங்குலக் கல்லாகத்தான் தெரியும். இரும்புக் குழாய்க் கைப்பிடியாக மாற்றச் சொல்லிக் கேட்டேன். மகனிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஓகஸ்ட் 8, வியாழன்

வளவுக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். குளோரைட்டு லீற்றருக்கு 1400 மில்லிகிராம். கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கான கலவை நீரில் 1000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய நியமம் 1008 வைக்கும் எல்லை. மேசன் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கொஞ்சம் சவர்தான் சேர், பரவாயில்லை" என்றார். நாக்கு 250 மில்லிகிராம் அளவிலேயே உவர்ப்பை உணரத் தொடங்கும். எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதை அதனால் சொல்ல முடியாது. சுண்ணாம்புப் பாறைக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரை நாம் இறைக்க இறைக்கக் கீழிருந்து உவர்நீர் ஏறுகின்ற ஊரில், கலவைக்கு மட்டுமன்றித் தளத்தை நனைப்பதற்கும் பவுசர் வண்டியில் வரும் நன்னீரே வேண்டும் என்று எழுதிவிட்டேன். கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும்.

ஓகஸ்ட் 10, சனி

புத்தூரில் வேறொரு வேலை. அத்திவாரக் கிடங்கில் இரண்டடியிலேயே பாறை, வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கில்லை. சுண்ணாம்புப் பாறை உள்விழுந்து உண்டான நிலாவரைக் கிணறு இருக்கும் அயலில், பாறை என்பது பொந்தொன்றின் கூரையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தூணுக்குரிய இடத்திலும் அலவாங்கால் இடித்துச் சத்தத்தைக் கேட்டோம். ஓரிடத்தில் குடத்தைத் தட்டியதுபோல் கேட்டது. அங்கே துளையிட்டுப் பார்க்கும்வரை வேலையை நிறுத்தியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 14, புதன்

அரியாலையில் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். அறைத் தளத்தில் கம்பி கீழே கிடப்பது சரி, ஏனெனில் அது நடுவில் தொய்யும்போது இழுபடுவது அடிப்புறம். பல்கனியோ சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னே கவிழப் பார்ப்பது. அங்கே இழுபடுவது மேற்புறம். அந்த மேல்கம்பிகள் நாலடி வெளியே நீள்வதற்கு, அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது ஆறடி, அறைத் தளத்துக்குள் ஓட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருந்தேன். மூன்றடியில் வெட்டியிருந்தார்கள். மாற்றச் சொன்னபோது மேசனுக்கு முகம் சுருங்கியது.

"முப்பது வருசமா இப்பிடித்தான் போடுறம் சேர். ஒண்டும் விழேல்லை."

அவர் சொல்வதில் பொய்யில்லை. கணக்கில் தேவைக்கு மேலாக நாம் சேர்க்கும் பலம், அதாவது காப்புக் காரணிகள், இப்படியான குறைகளை வருடக்கணக்காக மறைத்து வைத்திருக்கும். ஒருநாள் கலியாண வீட்டு ஊர்வலம் பார்க்க இருபது பேர் ஒரே ஓரத்தில் வந்து நிற்பார்கள். ஆயினும் அவரோடு வாதாடவில்லை. வெட்டிய கம்பிகளை முற்றத்தில் போட்டு, கற்களால் ஒரு சுவர் அடுக்கி, பலகை ஒன்றை வெளியே நீட்டி, உட்பக்கத்தில் அவரை ஏறி நிற்கச் சொல்லி, வெளிமுனையில் நான் நின்றேன். பின்பு அவரைச் சுவருக்கு நெருங்கி வரச் சொன்னேன். பலகை என்னோடு கவிழ்ந்தது. சிரித்துக்கொண்டே புதிய கம்பி வெட்டப் போனார்.

ஓகஸ்ட் 17, சனி

கொங்கிறீற்று போட்ட நாள். காலை ஆறு மணிக்கே தொடங்கினோம், சோழகக் காற்று வேகம்பிடிக்க முன் முடிக்க வேண்டுமென்று. ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணீர் என்று வாளியில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். பத்து மணிக்குப் பின் கோட்டை யாரும் பார்க்கவில்லை, இரண்டு முறை கலவையைத் திருப்பி அனுப்பினேன்.

என் கண் முழுக்க மேல்கம்பியில்தான். தளத்தின் மேற்பரப்பிலிருந்து கம்பியை மூடும் கொங்கிறீற்றாக 35 மில்லிமீற்றர் கவர் விட்டால், கம்பியின் மையத்திலிருந்து தளத்தின் அடிவரை 110 மில்லிமீற்றர் இருக்கும். பல்கனியின் பலமெல்லாம் இந்தத் தூரத்தில்தான். கூலியாள் ஒருவரின் கால் பட்டு 40 மில்லிமீற்றர் இறங்கினால் 70 மிஞ்சும், பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். மேல்கம்பியைத் தூக்கி நிறுத்தக் கதிரைபோல் வளைத்த கம்பித் தாங்கிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து, நடப்பதற்குப் பலகை போட்டிருந்தும், ஓரிடத்தில் கம்பி வலை தாழ்ந்திருந்தது. மிதித்தவர் யாரென்று சத்தம் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தால், அங்கே நின்றது நான். கொக்கியால் தூக்கி, இன்னொரு தாங்கி செருகினோம்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

காற்றில் மேற்பரப்பு விரைவாகக் காய்ந்து, அறைத் தளத்தில் மயிரிழை வெடிப்புகள் சில. ஆசிரியை பயந்துவிட்டார். மேற்பரப்புச் சுருக்கம்தான் என்று விளக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதினேன். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று.

செப்ரெம்பர் 7, சனி

மூன்று வாரம் முடிந்து, தளத்தைக் கீழிருந்து தாங்கிய முட்டுகளை எடுத்தோம். பல்கனியில் வெளிமுனை முட்டுகளை முதலில் எடுத்து, சுவரை நோக்கி வர வேண்டும். உட்புற முட்டுகளை முதலில் எடுத்தால், முனையில் தாங்கப்பட்டு நடுவில் தொய்யும் தளமாக அது மாறி, கம்பியில்லாத அடிப்புறம் வெடிக்கும். நூல் பிடித்துப் பார்த்ததில் முனை 2 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. பென்சில் கோடுகளைத் தாண்டி எந்த வெடிப்பும் நீளவில்லை.

தேநீர் குடிக்கும்போது, பன்னிரண்டடி நீளத்துக்கும் ஓரத்தில் வைக்கவென்று எட்டுச் சீமெந்துப் பூச்சாடிகள் வாங்கியிருப்பதாக ஆசிரியை சொன்னார். நனைந்த மண்ணோடு ஒவ்வொன்றும் 40 கிலோவுக்குக் குறையாது. அவை ஓரத்தில் நிற்பதால், ஆட்கள் நிற்பதற்கென ஒதுக்கிய திருப்பத்தை ஏறத்தாழ முழுவதும் அவையே தின்றுவிடும் என்றேன்.

"சுவரோரம் வெயில் படாதே தம்பி, செவ்வரத்தை பூக்குமே?"

ஐந்தை முற்றத்துக்கு இறக்கி, மூன்றைச் சுவரோரமாக வைப்பது என்று முடிவாயிற்று. வெயில் பற்றி என்னால் உறுதி தர முடியவில்லை.